செக்சம் தவறு என்கிறது கருவி: கணக்குப் போட வேண்டியது யார்?

டிசிபி, யுடிபி பாக்கெட்டுகளில் தரவு வழியில் கெட்டதா என்று பார்க்க ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும்; அதுதான் செக்சம். அதைச் சிபியு கணக்கிடாமல் நெட்வொர்க் கார்டிடமே விட்டுவிடுவதைத்தான் செக்சம் ஆஃப்லோட் என்கிறோம். கணக்கு மிக எளிது. ஆனாலும் இதில் வரும் பிழைகள் நாள்கணக்கில் ஆளை அலைய வைக்கும். காரணம், பெரும்பாலான பிழைகள் கணக்கில் இருப்பதில்லை. "இந்த பாக்கெட்டுக்குக் கணக்கு முடிந்ததா, பாதியில் நிற்கிறதா, யார் முடிப்பார்கள்" என்பதை ஒரு அடுக்கு அடுத்த அடுக்குக்குச் சொல்லும் இடத்தில் இருக்கின்றன. அந்தச் சொல்லும் முறைதான் ஏபிஐ. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எந்த எண்ணைப் பார்ப்பது, எதைத் திருத்துவது என்பதோடு, ஏபிஐயில் எந்த ஓட்டை வழியாக அது நுழைந்தது என்பதையும் சேர்த்திருக்கிறேன். ஓட்டையை அடைக்காவிட்டால் அதே பிழை அடுத்த டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருளில்) திரும்ப வரும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

செக்சம் என்பது 16 பிட் சொற்களின் கூட்டல். விடை 65535-ஐத் தாண்டினால் மிஞ்சியதை மறுபடி கீழே சேர்த்துக்கொள்வோம். கடைசியில் எல்லா பிட்டையும் தலைகீழாக்குவோம். 1988-இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1071 இதை விரிவாகச் சொல்கிறது. நமக்குப் பயன்படும் பார்வை இது: எல்லாக் கணக்கும் 65535-ஆல் வகுத்த மீதியில் நடக்கிறது, பிட்டைத் தலைகீழாக்குவது என்றால் கழித்தல் குறி போடுவது, அவ்வளவே.

மூல முகவரி, சேரும் முகவரி, நெறிமுறை எண், நீளம் ஆகியவை சேர்ந்த சூடோ ஹெடரின் தொகையை ப என்போம். டிசிபி ஹெடரும் தரவும் சேர்ந்த தொகையை, செக்சம் இடத்தைச் சுழியமாக வைத்து, த என்போம். அப்படியானால் சரியான செக்சம் = −(ப + த).

ஆஃப்லோட் செய்யும்போது கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) செக்சம் இடத்தில் ப-வை மட்டும் எழுதி வைக்கிறது. இதை அரைத்தொகை என்று அழைக்கிறேன். பிறகு கார்டிடம் இரண்டு எண்கள் சொல்கிறது: எந்த பைட்டிலிருந்து கூட்டத் தொடங்குவது, விடையை எங்கே எழுதுவது. லினக்ஸில் இவற்றின் பெயர் சிசம்_ஸ்டார்ட், சிசம்_ஆஃப்செட். மெய்நிகர் இயந்திரங்களுக்கான விர்டியோ நெட்வொர்க் ஹெடரிலும் இதே இரண்டும் உண்டு. கார்டு கடைசி வரை கூட்டி, தலைகீழாக்கி, எழுதினால் வேலை முடிந்தது. அதற்கு டிசிபியா யுடிபியா என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 192.0.2.1-இலிருந்து 192.0.2.2-க்கு, இணைப்பைத் தொடங்கும் ஒரு சின் பாக்கெட், டிசிபி ஹெடர் 40 பைட். ப-வுக்கான கூட்டல் (ஒவ்வொரு முகவரியும் இரண்டு 16 பிட் சொற்கள், பிறகு நெறிமுறை எண், நீளம்): 49152 + 513 + 49152 + 514 + 6 + 40 = 99377. 65535-ஐக் கழித்தால் 33842. பதினாறடிமானத்தில் 8432. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே பாக்கெட்டைப் பிடிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அனுப்பும் பக்கத்தில் பாக்கெட் பிடிக்கும் கருவியான டிசிபிடம்ப் பார்ப்பது கார்டுக்குப் போவதற்கு முன்னால் உள்ள நிலை. பெறும் பக்கத்தில் பிடிப்பதானால், அங்கே ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் முதலில் அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் பல பாக்கெட்டுகள் ஒன்றாக ஒட்டிய பிறகுதான் உங்கள் கண்ணில் படும், அதன் செக்சம்மை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சுவிட்சின் மிரர் போர்ட் (போக்குவரத்தின் நகலைத் தரும் போர்ட்) கிடைத்தால் அதுவே மேல்.

அறிகுறி: அனுப்பும் பக்கத்தில் எல்லா பாக்கெட்டும் "செக்சம் தவறு", ஆனால் இணைப்பு நன்றாக ஓடுகிறது

இது பிழை இல்லை. நீங்கள் பார்ப்பது அரைத்தொகை. உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி: ஒரே இரு முகவரிகளுக்கிடையே, ஒரே நீளமுள்ள பாக்கெட்டுகளைப் பாருங்கள். உள்ளே தரவு எதுவாக இருந்தாலும் அந்தத் "தவறான" எண் மாறாமல் இருக்கும். மேலே சொன்ன சின் பாக்கெட் என்றால் ஒவ்வொரு முறையும் 8432 என்றே வரும். உண்மையான கெட்ட செக்சம் இப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது.

ஏபிஐ பக்கம் ஒரு குறை இருக்கிறது: பாக்கெட்டின் பைட்டுகள் பிடிக்கும் கருவிக்குப் போகின்றன, "இது இன்னும் பாதிதான்" என்ற குறிப்பு கூடப் போவதில்லை. குறிப்பையும் பைட்டையும் பிரித்து அனுப்பும் எந்த இடமும் பின்னால் தொல்லை தரும். அடுத்து வருவதே அதற்குச் சாட்சி.

அறிகுறி: மெய்நிகர் இயந்திரத்துக்கு டிஎச்சிபி முகவரி கிடைப்பதில்லை, கையால் முகவரி கொடுத்தால் எல்லாம் ஓடுகிறது

முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையகமும் மெய்நிகர் இயந்திரமும் ஒரே ஹோஸ்டில், ஒரே பிரிட்ஜில் (மென்பொருள் சுவிட்சில்) இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், பதில் பாக்கெட் எந்தக் கம்பியையும் தொடுவதில்லை. அதனால் யாரும் செக்சம்மை முடிப்பதும் இல்லை. அரைத்தொகையோடு, "இதற்கு இன்னும் செக்சம் தேவை" என்ற விர்டியோ கொடியோடு, மெய்நிகர் இயந்திரத்தின் கர்னலுக்குள் வருகிறது. கர்னலுக்குக் கொடி புரியும், ஏற்றுக்கொள்ளும்.

ஆனால் டிஎச்சிபி கிளையண்டுக்கு இன்னும் முகவரியே இல்லை. ஆகவே அது பாக்கெட் சாக்கெட் வழியாக நேரடியாகப் படித்து, யுடிபி செக்சம்மைத் தானே சரிபார்க்கிறது. கொடி அதன் கைக்கு வந்து சேரவில்லை. தவறு என்று எறிந்துவிடுகிறது.

திருத்தம் இரண்டு வகை. கிளையண்ட் நிரல் உங்கள் கையில் இருந்தால், பாக்கெட் சாக்கெட்டில் கூடுதல் தகவலைக் கேட்டு வாங்கும் வசதியை இயக்குங்கள். அதில் "செக்சம் இன்னும் தயாரில்லை" என்று சொல்லும் நிலைக்கொடி லினக்ஸில் உண்டு. நிரலைத் தொட முடியாது என்றால், பாக்கெட்டுகளை வடிகட்டவும் மாற்றவும் உதவும் ஐபிடேபிள்ஸின் மேங்கிள் அட்டவணையில் செக்சம் இலக்கை வைத்து, டிஎச்சிபி பதில்களுக்கு மட்டும் செக்சம்மை நிரப்பச் சொல்லுங்கள். எல்லா போக்குவரத்துக்கும் அந்த விதியைப் போட்டுவிடாதீர்கள்; ஆஃப்லோடால் மிச்சமாவதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

அறிகுறி: இணைப்பே ஏற்படவில்லை, பெறும் பக்கம் செக்சம் பிழை எண்ணிக்கை ஏறுகிறது

என்ஸ்டாட் கட்டளையில் டிசிபி, யுடிபி இரண்டுக்கும் தனித்தனியே உள்வரும் செக்சம் பிழை எண்ணிக்கை இருக்கிறது. அது ஏறினால் கம்பியில் உண்மையிலேயே தவறான எண் போகிறது. இங்கேதான் நிதானம் தேவை. பலரும் உடனே கார்டின் அமைப்புகளை மாற்றும் ஈத்டூலை எடுத்து ஆஃப்லோடை அணைத்து, ஓடுகிறது என்று மூடிவிடுகிறார்கள். அணைப்பது நல்ல சோதனைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு பாக்கெட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும்.

கம்பியில் வந்த செக்சம்மிலிருந்து சரியான செக்சம்மைக் கழியுங்கள். எதிர்மறையாக வந்தால் 65535 சேர்த்துக்கொள்ளுங்கள்.

- கம்பியில் வந்த எண்ணே ப என்றால் (நம் எடுத்துக்காட்டில் 8432): கணக்கு நடக்கவே இல்லை, அல்லது இரண்டு முறை நடந்திருக்கிறது.
- வித்தியாசம் +ப: செக்சம் இடத்தில் அரைத்தொகையை யாரும் எழுதவில்லை, சுழியத்தோடு கார்டுக்குப் போயிருக்கிறது.
- வித்தியாசம் −ப: அரைத்தொகையை மென்பொருளும் சேர்த்தது, கார்டும் தன் பங்குக்குச் சேர்த்தது.

முதல் வரியில் "இரண்டு முறை" என்பது பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும். போட்டுப் பாருங்கள். மென்பொருள் முழுக் கணக்கையும் முடித்து −(ப + த) என்று எழுதிவிட்டது, ஆனால் "பாதிதான் முடிந்தது" என்ற கொடியை இறக்க மறந்துவிட்டது. கார்டு வரம்பைக் கூட்டுகிறது: த − (ப + த) = −ப. தலைகீழாக்குகிறது: ப. யாருமே தொடாத பாக்கெட்டும், இருவர் தொட்ட பாக்கெட்டும் கம்பியில் ஒரே முகத்தோடு போகின்றன! பிரித்தறிய அனுப்பும் பக்கப் பிடிப்பைப் பாருங்கள். அங்கேயும் ப இருந்தால் கார்டு வேலை செய்யவில்லை. அங்கே சரியான செக்சம் இருந்து கம்பியில் மட்டும் ப இருந்தால், மென்பொருளில் யாரோ எண்ணை முடித்துவிட்டுக் கொடியை விட்டுவிட்டார்கள். அனுப்பும் பக்கத்தில் "சரி" என்று காட்டுகிறதே என்று கார்டைச் சந்தேகப்பட்டு நானே ஒரு வாரம் அதன் டிஸ்கிரிப்டர்களைத் துருவிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த மூன்று வரிக் கணக்கு அன்று கையில் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

திருத்தம் கொடியைச் சரியாக இறக்குவது. ஆனால் ஏபிஐ சொல்லும் பாடம் அதைவிடப் பெரிது: செக்சம் இடத்தில் எழுதுவதையும் கொடியை மாற்றுவதையும் இரண்டு தனிச் செயல்களாக விடக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் ஒரே செயற்கூறு இருக்க வேண்டும், நேரடியாக எழுத வழியே இருக்கக் கூடாது. லினக்ஸில் மென்பொருளால் கணக்கை முடிக்கும் உதவிச் செயற்கூறு இப்படித்தான் செய்கிறது: எழுதிய கையோடு நிலையையும் மாற்றிவிடுகிறது.

+ப வந்தால், பெரும்பாலும் கார்டுகளுக்கிடையே எதிர்பார்ப்பு வேறுபடுவதுதான் காரணம். சில கார்டுகள் அரைத்தொகையை எதிர்பார்க்கும். சில தாமே முகவரிகளைப் படித்துச் சேர்த்துக்கொள்ளும். கர்னலைத் தாண்டிக் கார்டோடு நேரடியாகப் பேச உதவும் டிபிடிகே நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள் இதை அடிக்கடி சந்திப்பார்கள்: கொடியை மட்டும் ஏற்றிவிட்டு அரைத்தொகையை எழுத மறப்பது, அல்லது இரண்டாம், மூன்றாம் அடுக்கு ஹெடர்களின் நீளத்தை நிரப்பாமல் விடுவது. அனுப்புவதற்கு முன் டிஎக்ஸ் பிரிப்பேர் செயற்கூறை அழைத்தால், அந்தந்தக் கார்டுக்குத் தேவையான தயாரிப்பை அது செய்துகொடுக்கும். அதை அழைப்பதை விருப்பமாக நினைக்காதீர்கள்.

அறிகுறி: சாதாரண போக்குவரத்து ஓடுகிறது, விலேன், ஐபிவி6 நீட்டிப்பு ஹெடர், டனல் வந்தால் மட்டும் தவறு

இவை மூன்றுமே பாக்கெட்டில் கூடுதல் ஹெடர் சேர்ப்பவை: விலேன் ஒரே வலையமைப்பைப் பல தனி வலைகளாகப் பிரிக்கும், டனல் ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும். கம்பியில் ப-வே வருகிறதா பாருங்கள். வந்தால், டிரைவர் "என்னால் முடியும்" என்று பொதுவாக வாக்குக் கொடுத்துவிட்டது. கார்டின் பார்சர் (ஹெடர்களைப் படித்துப் பிரிக்கும் பகுதி) இந்த அமைப்பைக் கண்டு விழிக்கிறது, செக்சம்மைத் தொடாமல் அனுப்பிவிடுகிறது.

இங்கே ஏபிஐயின் அடிப்படைத் தேர்வே கேள்விக்குள்ளாகிறது. "ஐபிவி4-இல் டிசிபி, யுடிபி செய்வேன்", "ஐபிவி6-இல் செய்வேன்" என்று நெறிமுறைப் பெயரால் வாக்குக் கொடுக்கும் முறை ஒன்று. "எங்கிருந்து, எங்கே என்று சொல், எதுவானாலும் செய்வேன்" என்பது இன்னொன்று. லினக்ஸில் இரண்டும் நீண்ட காலம் அருகருகே இருந்தன. கர்னல் ஆவணம் இரண்டாவதையே விரும்பச் சொல்கிறது, முதலாவது வழக்கொழிய வேண்டியது என்கிறது. என் கருத்தும் அதுதான். நெறிமுறைப் பெயர் சொன்ன கணத்திலேயே "விலேன் இரண்டு அடுக்கு இருந்தாலுமா? நீட்டிப்பு ஹெடர் இருந்தாலுமா?" என்ற கேள்விகள் வரிசை கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி வைத்தால் கொடிகள் தீராது.

பழைய கார்டு நெறிமுறை தெரிந்தால்தான் வேலை செய்யும் என்றால், அந்தக் குறையை டிரைவருக்குள்ளேயே அடக்குங்கள். பாக்கெட் ஒவ்வொன்றையும் பார்த்து "இது முடியாது" என்று சொல்ல டிரைவருக்கு இடம் கொடுங்கள்; முடியாததை மென்பொருளால் முடித்து அனுப்புங்கள். மெதுவாகப் போன பாக்கெட் யாருக்கும் தீங்கு செய்யாது.

டிசிபி போல இன்னொரு நெறிமுறையான எஸ்சிடிபி மட்டும் தவறினால் கதை வேறு. அதற்கு இந்தக் கூட்டல் முறையே இல்லை. 2002-இல் ஆர்எஃப்சி 3309 வந்ததிலிருந்து சிஆர்சி32சி என்ற வேறு வகைப் பிழைகாண் கணக்கு. எந்த வகைக் கணக்கு என்பதையும் ஏபிஐ ஒரு புலமாகச் சொல்ல வேண்டும். "செக்சம் போடு" என்று மட்டும் சொன்னால் கார்டு 16 பிட் கூட்டலைப் போட்டுவிடும்.

அறிகுறி: நாட் வழியாகப் போகும் இணைப்புகள் மட்டும் தவறுகின்றன

நாட் என்பது வழியில் பாக்கெட்டின் முகவரியை மாற்றி அனுப்புவது. அந்த மாற்றத்தின் அளவை ம என்போம்: புதிய முகவரியின் தொகையிலிருந்து பழையதன் தொகையைக் கழித்தது. வித்தியாசத்தை மேலே சொன்னபடி கணக்கிடுங்கள்.

வித்தியாசம் +ம என்றால் நாட் செக்சம்மைத் தொடவே இல்லை. +2ம என்றால் தொட்டது, ஆனால் குறி மாறிவிட்டது. இந்த இரண்டாவது மிக அழகான தடயம். முழுச் செக்சம் −(ப + த) என்பதால், ப கூடினால் செக்சம் குறைய வேண்டும். ஆர்எஃப்சி 1624 சொல்லும் படிப்படித் திருத்தம் அதையே செய்கிறது. ஆனால் அரைத்தொகை என்பது ப-வே; அது கூட வேண்டும். அரைத்தொகை பாக்கெட்டை முழுச் செக்சம் பாக்கெட் என்று நினைத்துத் திருத்தினால், கூட வேண்டியது குறைகிறது. பிழை இரு மடங்காகிறது.

போர்ட் மாற்றத்தில் இன்னொரு நுணுக்கம். போர்ட் எண் டிசிபி ஹெடருக்குள் இருக்கிறது, அதாவது கார்டு கூட்டப்போகும் வரம்புக்குள். அரைத்தொகை நிலையில் போர்ட்டை மாற்றினால் செக்சம்மைத் தொடவே கூடாது. கார்டு புதிய போர்ட்டைத் தானே கூட்டிக்கொள்ளும். முகவரி சூடோ ஹெடரில் இருப்பதால் அதற்குத் திருத்த வேண்டும். ஆகவே திருத்தும் செயற்கூறு "நான் மாற்றுவது சூடோ ஹெடருக்கு உள்ளேயா, வெளியேயா" என்று கட்டாயம் கேட்க வேண்டும். லினக்ஸில் அந்தச் செயற்கூறுக்கு இதற்கெனவே ஓர் அளபுரு உண்டு. நாட் எழுதுபவர்களோ, பாக்கெட்டை மாற்றும் எந்த நிரல் எழுதுபவர்களோ, செக்சம் இடத்தில் சொந்தக் கையால் எழுதினால் இந்தப் பிழை ஒரு நாள் வந்தே தீரும்.

அறிகுறி: சின்ன பாக்கெட்டுகளில் மட்டும் கர்னல் பதிவில் "வன்பொருள் செக்சம் தோல்வி"

பெறும் பக்கத்தில் கார்டு இரண்டு விதமாகப் பேசலாம். "நான் சரிபார்த்துவிட்டேன், நன்று" என்பது ஒன்று. "இந்த பைட்டுகளின் தொகை இவ்வளவு, நீயே பார்த்துக்கொள்" என்பது மற்றொன்று. இரண்டாவது நேர்மையானது, எந்த நெறிமுறைக்கும் பொருந்தும். ஆனால் "இந்த பைட்டுகள்" எவை என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போக வேண்டும்.

ஈதர்நெட் ஃபிரேமின் குறைந்தபட்ச நீளம், கடைசி 4 பைட் சிஆர்சி (பிழைகாண் எண்) நீங்கலாக, 60 பைட். ஆப்ஷன் இல்லாத ஒரு டிசிபி ஏக் (பெற்றதை உறுதிசெய்யும் பாக்கெட்) 14 + 20 + 20 = 54 பைட்தான். மீதி 6 பைட் திணிப்பு. அது சுழியமாக இருந்தால் தொகை மாறாது, எந்தப் பிழையும் தெரியாது. வழியிலுள்ள ஏதாவது ஒரு சாதனம் அதில் குப்பையைப் போட்டு அனுப்பினால், கார்டு அதைச் சேர்த்ததா இல்லையா என்ற கேள்விக்கு உயிர் வந்துவிடும். கார்டு சேர்க்கவில்லை; கர்னலோ திணிப்பை வெட்டும்போது "சேர்த்திருக்கும்" என்று நம்பித் தொகையிலிருந்து கழிக்கிறது. விடை தவறு.

இப்படி வந்தால் 60 பைட்டும் அதற்குக் குறைவுமான ஃபிரேம்களுக்குத் தொகையை நம்பாமல் மென்பொருளில் சரிபார்க்கும்படி டிரைவரை மாற்றுங்கள். சின்ன பாக்கெட்டைக் கூட்ட ஆகும் செலவு மிகச் சொற்பம். ஏபிஐயில் தொகையோடு தொடக்கமும் முடிவும் சேர்ந்தே வர வேண்டும். வரம்பு சொல்லாத தொகைக்குப் பொருளே இல்லை.

அறிகுறி: டிசிபியில் பெரிய அனுப்புதல்கள் மட்டும் தவறு, ஒற்றை பாக்கெட்டுகள் நன்று

இது டிஎஸ்ஓ என்ற வசதியின் வேலை. கர்னல் ஒரு பெரிய துண்டைக் கொடுக்கிறது, கார்டு அதைப் பல பாக்கெட்டாக வெட்டுகிறது. அரைத்தொகையில் நீளம் சேர்ந்திருக்கிறதா என்பதே பிரச்சினை. பெரிய துண்டின் நீளம் சேர்ந்திருந்து, கார்டு ஒவ்வொரு சின்ன பாக்கெட்டுக்கும் அதனதன் நீளத்தைத் தானே சேர்த்தால், வித்தியாசம் சரியாக −(பெரிய துண்டின் நீளம்) என்று வரும். தரவு மாறினாலும் அது மாறாது. அனுப்பும் அளவு மாறினால் மட்டும் மாறும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். டிரைவர் நீளத்தை எடுத்துவிட்டுக் கார்டுக்குக் கொடுக்க வேண்டும். புதிய ஏபிஐ எழுதினால் ஏதாவது ஒன்றை முடிவுசெய்து ஆவணத்தில் எழுதுங்கள். எதை என்பது இரண்டாம் பட்சம்.

அறிகுறி: ஐபிவி6 யுடிபியில் அபூர்வமாக ஒரு பாக்கெட் மட்டும் எத்தனை முறை அனுப்பினாலும் சேராது

கணக்கின் விடை சுழியமாக வந்திருக்கிறது. சராசரியாக 65 ஆயிரத்துச் சொச்சம் பாக்கெட்டுக்கு ஒன்று அப்படி வரும். யுடிபியில் சுழியம் என்றால் "செக்சம் போடவில்லை" என்று பொருள். ஆகவே விடை சுழியமானால் 65535 என்று எழுத வேண்டும் என்று 1980-இன் ஆர்எஃப்சி 768 சொல்கிறது. ஐபிவி4-இல் கார்டு இதை மறந்தாலும் பெறுபவர் "செக்சம் இல்லை போலும்" என்று ஏற்றுக்கொள்வார், யாருக்கும் தெரியாது. ஐபிவி6-இல் சாதாரண யுடிபிக்குச் செக்சம் கட்டாயம். பாக்கெட் தூக்கி எறியப்படும். அதே பைட்டுகளை மறுபடி அனுப்பினால் மறுபடி அதே விடை, மறுபடி அதே எறிதல்.

நெறிமுறை தெரியாத கார்டு எப்படி இதைச் செய்யும் என்று கேட்கலாம். எல்லா நெறிமுறைக்கும் சுழியத்துக்குப் பதில் 65535 எழுதச் சொல்லுங்கள். இந்தக் கணக்கில் இரண்டும் ஒரே மதிப்பு. டிசிபி பெறுபவரும் சரியென்றே ஏற்பார்.

அறிகுறி: டனலுக்குள் தரவு கெட்டுப்போகிறது, எந்தப் பிழை எண்ணிக்கையும் ஏறவில்லை

இதுதான் எனக்கு உண்மையிலேயே அச்சம் தரும் அறிகுறி. மற்றவற்றில் பாக்கெட் தொலைகிறது, தெரிகிறது. இதில் கெட்ட தரவு நல்லதென்று பயன்பாட்டுக்குள் போகிறது.

விஎக்ஸ்லேன் போன்ற டனலில் வெளி யுடிபி ஒன்று, உள்ளே டிசிபி ஒன்று என இரண்டு செக்சம் உண்டு. வெளிச் செக்சம் பெரும்பாலும் சுழியமாகவே அனுப்பப்படுகிறது. கார்டு வெளியே மட்டும் பார்த்துவிட்டு, பார்க்க எதுவும் இல்லாததால் "நன்று" என்கிறது. டிரைவர் அந்த "நன்று" என்பதை ஒரு பிட்டாக மேலே அனுப்புகிறது. வெளி ஹெடர் கழன்ற பிறகும் அந்த பிட் பாக்கெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளிருக்கும் டிசிபி "கார்டு பார்த்துவிட்டதாம்" என்று சரிபார்க்காமல் விட்டுவிடுகிறது.

ஈதர்நெட்டின் சிஆர்சி காப்பாற்றாதா? ஒவ்வொரு இணைப்பிலும் சிஆர்சி புதிதாகப் போடப்படுகிறது. ரவுட்டரின் நினைவகத்தில் கெட்ட தரவுக்கும் அது நல்ல சிஆர்சி போட்டுத்தரும். 2000-இல் ஜொனாதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், இணைப்புச் சிஆர்சியைத் தாண்டி வந்த பாக்கெட்டுகளில் 1,100-க்கு ஒன்று முதல் 32,000-க்கு ஒன்று வரை டிசிபி செக்சம்மில் தோற்றன. டிசிபி செக்சம் இருப்பதே இவற்றைப் பிடிக்கத்தான்.

சோதிக்க: உள் டிசிபி செக்சம்மை வேண்டுமென்றே கெடுத்து, டனல் வழியாக அனுப்புங்கள். பெறும் பக்கத்தில் டிசிபியின் உள்வரும் பிழை எண்ணிக்கை ஏற வேண்டும். ஏறவில்லை, தரவு சேர்ந்துவிட்டது என்றால், பெறும் ஆஃப்லோடை உடனே அணைத்துவிட்டுப் பிறகு டிரைவரைத் திருத்துங்கள். இந்த ஓர் அறிகுறிக்கு மட்டும் முதலில் அணைப்பதுதான் சரி.

டிரைவர் சொல்ல வேண்டியது "நன்று" என்பதல்ல. "எத்தனை அடுக்கு செக்சம்மைச் சரிபார்த்தேன்" என்பது. சுழியச் செக்சம்மை ஓர் அடுக்காக எண்ணக் கூடாது. ஒவ்வொரு ஹெடர் கழலும்போதும் எண்ணிக்கை ஒன்று குறைய வேண்டும். தீர்ந்ததும் மென்பொருள் தானே பார்க்க வேண்டும். லினக்ஸில் சிசம்_லெவல் என்ற புலம் இதற்குத்தான். கெட்ட செக்சம் கண்ட கார்டு பாக்கெட்டைத் தானே எறியவும் கூடாது. மேலே அனுப்பினால்தான் எண்ணிக்கை ஏறும், நாம் தேட ஓர் இடம் கிடைக்கும்.

அனுப்பும் பக்கத்தில் டனலுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. உள் பாக்கெட் அரைத்தொகை நிலையில் இருந்தால், கார்டு அதை முடித்த பின் அந்த வரம்பின் தொகை எப்போதும் த − (ப + த) = −ப. அதாவது தரவைத் தொடாமலே வெளிச் செக்சம்மை இப்போதே கணக்கிட்டுவிடலாம். லினக்ஸ் 2016-இலிருந்து இதைச் செய்கிறது. "எங்கிருந்து, எங்கே" என்ற எளிய ஏபிஐயால் கிடைத்த பரிசு இது. இரட்டைச் செக்சம் தெரிந்த கார்டு தேவையே இல்லை.

அறிகுறி: பாக்கெட்டைப் பெற்று வேறு கார்டு வழியாக அனுப்பும் இயந்திரத்தில் மட்டும் தவறு

பெறும்போது வந்த செக்சம் நிலை, அனுப்பும்போதும் பாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும். லினக்ஸில் முன்பு இரண்டு திசைக்கும் "வன்பொருள் செக்சம்" என்ற ஒரே பெயர் இருந்தது. பெறும்போது "தொகை இதோ", அனுப்பும்போது "நீ கணக்கிடு". 2006-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். நீங்கள் சொந்தமாக எழுதும் அடுக்கில் இன்னும் ஒரே கொடி இருந்தால், இன்றே பிரியுங்கள்.

பெறும் திசைக்கு நான் வைக்கும் நிலைகள்: பார்க்கவில்லை; இந்த வரம்பின் தொகை இவ்வளவு; இத்தனை அடுக்கு சரி; தவறு கண்டேன்; எண் முடிக்கப்படவில்லை ஆனால் தரவு நம்பத்தக்கது. கடைசியானது ஒரே ஹோஸ்டுக்குள் வரும் பாக்கெட்டுக்கு. டிபிடிகேயும் இதற்குத் தனி நிலை வைத்திருக்கிறது. நினைவகம் சுழியமாக்கப்பட்டால் கிடைக்கும் நிலை "பார்க்கவில்லை" என்பதாகவே இருக்க வேண்டும். அப்போது டிரைவர் எழுதுபவர் ஒரு வரியை மறந்தாலும் வேகம்தான் குறையும், தரவு கெடாது. அனுப்பும் திசைக்கு மூன்று புலம் போதும்: தொடக்கம், எழுதும் இடம், கணக்கின் வகை.

எல்லாம் சரியானதும் ஓட்ட வேண்டிய சோதனை

சோதனைக் கட்டமைப்பில், கார்டு "சரி" என்று சொன்ன ஒவ்வொரு பாக்கெட்டையும் மென்பொருளும் கூட்டிப் பார்த்து, மாறுபட்டால் பாக்கெட்டோடு பதிவிடும் ஒரு முறையை வையுங்கள். பிறகு இவற்றை அனுப்புங்கள்: தரவு 0 பைட்டிலிருந்து 20 பைட் வரை ஒவ்வொரு நீளமும், ஒற்றைப்படை நீளங்களை விடாமல், திணிப்பில் சுழியமல்லாத பைட்டுகள் உள்ள சின்ன ஃபிரேம்கள், விலேன் ஒன்று, இரண்டு, ஐபிவி6 நீட்டிப்பு ஹெடர், துண்டாக்கப்பட்ட யுடிபி, உள் செக்சம் கெட்ட டனல் பாக்கெட். கடைசியாக, விடை சுழியம் வரும் யுடிபி பாக்கெட். அதைச் செய்வது எளிது: தரவின் கடைசி இரண்டு பைட்டைச் சுழியமாக வைத்துச் செக்சம் கணக்கிட்டு, வரும் விடையையே அந்த இரண்டு பைட்டில் எழுதிவிடுங்கள், தரவு இரட்டைப்படை நீளமாக இருக்கட்டும். இப்போது கார்டு கணக்கிட்டால் சுழியம் வரும். கம்பியில் 65535 போகிறதா என்று பாருங்கள்.